புயல் கடந்தும் இறங்காத கூண்டு!

ஒருமுறை கழுவிய கையை நாற்பது முறை கழுவச் சொல்வது எது? எண்ணச் சுழற்சி நோயில் மூளைக்குள் என்ன நடக்கிறது, மாத்திரை எப்போது வேலை செய்யும், ராமநாதபுரம் கடற்கரை இதில் கற்றுக்கொடுத்த பாடம் என்ன?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் செய்திகளில் பாம்பன் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். 'பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற ஒரு வரி போதும், கடலுக்குக் கிளம்ப இருந்த படகுகள் கரையிலேயே நின்றுவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்த பகுதி அது. அங்கே எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்வதில்லை.

ஆனால், புயல் கரையைக் கடந்து, வானம் வெளுத்து, கடலும் அடங்கிய பிறகு அந்தக் கூண்டை இறக்காமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? படகு கிளம்பாது. அடுப்பு எரியாது. ஆபத்து இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கூண்டு தொங்கிக்கொண்டிருக்கும்வரை மனம் துணியாது.

ஓ.சி.டி. என்று சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயில் மூளைக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். எச்சரிக்கை மணி தேவையில்லாத நேரத்தில் அடிக்கிறது. அடித்த மணி நிற்க மறுக்கிறது.

சுத்தம் வேறு, நோய் வேறு

'எனக்குக் கொஞ்சம் ஓ.சி.டி. இருக்கு, வீடு பளிச்சுனு இருக்கணும்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. அது நோயல்ல, பழக்கம். சுத்தம் செய்து முடித்ததும் அவர்களுக்கு நிம்மதி கிடைத்துவிடுகிறது. நோய் உள்ளவருக்கு அந்த நிம்மதிதான் கிடைப்பதில்லை.

இந்த நோய்க்கு இரண்டு பக்கங்கள். ஒன்று, அழைக்காமல் வந்து உட்காரும் எண்ணம். 'கையில் கிருமி ஒட்டியிருக்கிறது', 'கேஸைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்', 'குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ', 'சாமி கும்பிடும்போது இப்படி அசிங்கமாக நினைக்கிறேனே' என்று அது எந்த வடிவத்திலும் வரலாம். இரண்டாவது பக்கம், அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்கச் செய்யும் செயல். கழுவுவது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, எண்ணுவது, வரிசையாக அடுக்குவது, மனதுக்குள்ளேயே மந்திரம்போல எதையாவது சொல்லிக்கொள்வது. செய்தவுடன் கொஞ்சம் ஆறுதல். சில நிமிடங்களில் மறுபடியும் சந்தேகம். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் கரைந்து, படிப்பும் வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டால் அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் செய்வது அர்த்தமற்றது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. அதனாலேயே வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்று நடுங்கும் தாய் அதை யாரிடம் சொல்வாள்? மருத்துவர்கள் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறார்கள். ஓ.சி.டி. தரும் இத்தகைய எண்ணங்கள் அந்த நபரின் ஆசைகள் அல்ல. அவர் எதை மிகவும் வெறுக்கிறாரோ, எதற்கு மிகவும் அஞ்சுகிறாரோ, அதையே நோய் பிடித்துக்கொள்கிறது.

இது அபூர்வ நோயும் அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் சுமார் 0.8 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்தது. ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தலைகாட்டத் தொடங்குகிறது.

பக்தியின் உடையில் வரும்போது

நோய் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரின் உடையைப் போட்டுக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி எழுந்து, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வரும் பக்தருக்கு அத்தோடு மனம் நிறைந்துவிடுகிறது. உடை மாற்றிக்கொண்டு ராமநாதசுவாமியைத் தரிசிக்கப் போய்விடுகிறார். எண்ணச் சுழற்சி நோய் உள்ளவருக்கோ 22-வது தீர்த்தம் முடிந்ததும், ஏழாவதில் தண்ணீர் சரியாகப் படவில்லையோ என்ற சந்தேகம் எழும்.

கீழக்கரையில் தொழுகைக்கு முன் ஒளு செய்பவருக்கும் இதே நிலை வரலாம். முழங்கை நனைந்ததா, எத்தனை முறை கழுவினோம் என்ற தீராத சந்தேகம் பிடித்துக்கொள்ளும். இஸ்லாமிய மரபில் இதற்கு 'வஸ்வாஸ்' என்று பெயரே உண்டு; அதற்கு இடம் கொடுக்காமல் கடந்து போகச் சொல்லி மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். கத்தோலிக்க மரபிலும், பாவசங்கீர்த்தனம் செய்து முடித்த பிறகும் ஏதோ ஒரு பாவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று குமைபவர்களைப் பற்றிய பழைய குறிப்புகள் நிறைய உள்ளன.

மூன்று மதங்களிலும் சடங்குக்கு ஒரு முடிவு உண்டு. நோய்க்குத்தான் முடிவு இல்லை. வீட்டில் உள்ளவர்கள் பக்தியையும் நோயையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு வித்தியாசமே போதும்.

குடிநீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து பழகிய மாவட்டம் ராமநாதபுரம். கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய பெண்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் கை கழுவவே நாலு குடத்தைக் காலி செய்தால், முதலில் வருவது கோபம்தான். 'திமிர்', 'சோம்பேறித்தனம்', 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று பட்டம் சூட்டிவிடுவார்கள். நோய் என்ற சொல் கடைசியில்தான் வாய்க்கு வருகிறது.

மூளைக்குள் ஒரு வட்டப்பாதை

கண்குழிகளுக்கு நேர் மேலே, முன்மூளையின் அடிப்பகுதியில் 'ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. 'இங்கே ஏதோ தவறாக இருக்கிறது' என்று குரல் கொடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கூண்டு ஏற்றும் ஊழியர் என்று வைத்துக்கொள்ளலாம். இதன் செய்தி மூளையின் ஆழத்தில் உள்ள 'காடேட்' என்ற பகுதிக்குப் போகிறது. எந்தச் செய்தி முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று வடிகட்டும் வாசல் அது. அங்கிருந்து 'தலாமஸ்' வழியாகச் செய்தி மறுபடியும் முன்மூளைக்கே திரும்புகிறது. இது ஒரு வட்டப்பாதை.

ஆரோக்கியமான மூளையில் கதவைப் பூட்டியதும் 'சரி, முடிந்தது' என்று வாசல் மூடிக்கொள்கிறது. ஓ.சி.டி.யில் இந்த வட்டம் அளவுக்கு மீறிச் சூடாகிவிடுகிறது. வாசல் சரியாக மூடுவதில்லை. ஒரே செய்தி திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. பூட்டைக் கண் பார்க்கிறது, கை தொடுகிறது. ஆனாலும் 'முடிந்தது' என்ற உணர்வு மட்டும் வந்து சேர்வதில்லை.

1992-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லூயிஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் மூலம் 18 நோயாளிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். ஒன்பது பேருக்கு ஃப்ளூவாக்ஸிடின் மாத்திரை. மற்ற ஒன்பது பேருக்கு மாத்திரையே இல்லாமல் நடத்தைப் பயிற்சி. சுமார் பத்து வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, குணம் தெரிந்தவர்களின் வலப்பக்கக் காடேட்டில் செயல்பாடு குறைந்திருந்தது. மாத்திரை எடுத்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள் என இரு தரப்பிலும் இந்த மாற்றம் தெரிந்தது. பலன் கிடைக்காதவர்களிடம் அப்படித் தெரியவில்லை.

சிறிய ஆய்வுதான். ஆனால் அது சொன்ன செய்தி பெரியது. 'மனசைத் தைரியமா வச்சுக்கோ' என்ற அறிவுரையால் ஆகாதது மருந்தாலும் முறையான பயிற்சியாலும் ஆகிறது. அந்த மாற்றம் மூளையிலேயே பதிகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இவை ஆராய்ச்சிக்கான படங்கள். தனி ஒருவருக்கு ஓ.சி.டி. இருக்கிறதா என்று சொல்லும் ஸ்கேன் எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. கடன் வாங்கி மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து, 'மூளை நார்மல்' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். மனநல மருத்துவர் பேசிக் கேட்டுத்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறார். பத்துக் கேள்விகள், 40 மதிப்பெண்கள் கொண்ட யேல்-பிரவுன் அளவுகோல் நோயின் தீவிரத்தை அளக்க உதவுகிறது.

பன்னிரண்டு வாரம் என்ற கணக்கு

ஓ.சி.டி.க்கு முதலில் பலன் தந்த மருந்து குளோமிப்ரமின். 1960-களின் இறுதியிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள். அமெரிக்காவில் 1989-ல் ஒப்புதல் கிடைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டெசிப்ரமின், மனச்சோர்வுக்கு உதவினாலும் இந்த நோயில் எடுபடவில்லை. செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மீது வலுவாகச் செயல்படும் மருந்துகளே இதற்கு உதவுகின்றன என்பது அப்படித்தான் புரிந்தது. இன்று முதலில் தரப்படுபவை ஃப்ளூவாக்ஸிடின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. பக்கவிளைவுகள் குளோமிப்ரமினைவிடக் குறைவு என்பதே காரணம்.

குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். காய்ச்சல் மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரியும். ஓ.சி.டி. மாத்திரை அப்படி அல்ல. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். அந்த அளவை மருத்துவர் படிப்படியாகத்தான் உயர்த்துவார். சரியான அளவில் எட்டு முதல் 12 வாரங்கள் எடுத்துப் பார்த்த பிறகே, 'இந்த மருந்து பலன் தருகிறதா, இல்லையா' என்று முடிவு செய்ய முடியும்.

முதல் இரண்டு வாரங்களில் குமட்டல், வயிற்றுக் கலக்கம், தூக்கக் குறைவு, லேசான படபடப்பு வரலாம். தொந்தரவு முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. மூன்றாவது வாரத்தில் 'இந்த மாத்திரை ஒத்துக்கலை' என்று நிறுத்திவிட்டால், மருந்துக்கு ஒரு வாய்ப்பே கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். பிறகு அடுத்த மருத்துவர், அடுத்த மாத்திரை, அங்கேயும் மூன்று வாரம். இரண்டு வருடம் கழித்து, 'எல்லா மருந்தும் பார்த்தாச்சு, எதுவும் கேட்கலை' என்பார்கள். உண்மையில் ஒரு மருந்தைக்கூட முழுமையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பலன் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் மருந்திலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. முன்னேற்றம் என்றால் எண்ணமே வராமல் போவது அல்ல. மூன்று மணி நேரக் குளியல் முக்கால் மணி நேரமாகும். எண்ணம் வரும், ஆனால் பிடித்து உலுக்காது. வேலைக்குப் போக முடியும். சாப்பாட்டை வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட முடியும். அந்த மாற்றத்தை நோயாளியைவிடக் குடும்பம்தான் முதலில் கவனிக்கும்.

முதல் மருந்து கேட்காவிட்டால் வழி அடைந்துவிடவில்லை. இரண்டாவது மருந்து, குளோமிப்ரமின், சிறிய அளவில் இன்னொரு மருந்தைச் சேர்ப்பது என்று படிகள் இருக்கின்றன. நலமான பிறகும் குறைந்தது ஓரிரு வருடங்கள் தொடர வேண்டியிருக்கும். இவை போதை தரும் மாத்திரைகள் அல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. கர்ப்பம், தாய்ப்பால், இதயக் கோளாறு, வேறு மாத்திரைகள் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைக்குச் சமமான இன்னொரு சிகிச்சை, 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வழிகாட்டிய பயிற்சி. பயப்படும் பொருளைத் தொடச் செய்து, கழுவாமல் இருக்கப் பழக்குவார்கள். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். சுலபமான படியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுவதுதான் முறை. பிடித்து இழுத்துக் குப்பையில் கையை வைக்கச் சொல்வது சிகிச்சை அல்ல, சித்திரவதை.

யாருக்கு எது பலிக்கும் என்று மூளையைப் பார்த்தே சொல்ல முடியுமா? 1990-களின் இறுதியில் அதே லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் இதைத் தேடினார்கள். சிகிச்சைக்கு முன் ஆர்பிட்டோஃப்ரன்டல் பகுதியின் செயல்பாடு ஒப்பீட்டளவில் குறைவாக இருந்தவர்களுக்கு மருந்து நன்றாக எடுபட்டது. அதிகமாக இருந்தவர்களுக்கு நடத்தைப் பயிற்சி நன்றாக எடுபட்டது. ஆர்வமூட்டும் முடிவுதான், ஆனால் இதை வைத்துச் சீட்டு எழுதும் நிலை இன்னும் வரவில்லை. இன்றைக்கு ஒருவருக்கு மருந்து பலிக்குமா என்று அறிய, அதைச் சரியான அளவில், போதுமான வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதே வழி.

ஏர்வாடி சொன்ன பாடம்

சிகிச்சை தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கடற்கரையைவிடக் கசப்பான சாட்சி நாட்டில் இல்லை. ஏர்வாடியில் சுல்தான் சையது இபுராகிம் ஷஹீத் பாதுஷா நாயகத்தின் தர்கா, மதம் பார்க்காமல் மக்கள் வந்து சேரும் இடம். மனநலம் பாதித்தவர்களை அங்கே அழைத்துவந்து, கனவில் 'உத்தரவு' கிடைக்கும்வரை தங்கவைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. வெளியூர்க் குடும்பங்கள் நம்பிக்கையோடு வந்தன. அவர்களை நம்பி, தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன.

2001 ஆகஸ்ட் 6. விடியும் முன் அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின.

ஒரே வாரத்தில் அந்த வகைக் காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு வந்தார்கள். ராமதாஸ் தலைமையிலான ஆணையம் விசாரித்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பக உரிமையாளர் உள்ளிட்ட நான்கு பேருக்கு 2007-ல் ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஓ.சி.டி. உள்ளவர் தன் நினைவோடு இருப்பவர். அவருடைய நோயும் மனச்சிதைவும் ஒன்றல்ல. ஆனால், 'பேய் பிடித்திருக்கிறது' என்ற முதல் முடிவும், 'மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்' என்ற இரண்டாவது பயமும் இரண்டுக்கும் பொது. வருடங்கள் வீணாவது அந்த இரண்டால்தான்.

தீ விபத்துக்குப் பிறகு ஏர்வாடி இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. நம்பிக்கையைக் கேலி செய்து மக்களை மருத்துவமனைக்கு இழுக்க முடியாது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் பலன் தந்த 'தவா-துவா' முறை, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற முறை, ஏர்வாடிக்கும் வந்தது. பிரார்த்தனை செய்ய வருபவர்களுக்குப் பக்கத்திலேயே மனநல மருத்துவர், இலவச மாத்திரை. துவா ஓதுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரையையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரம் பொறுத்திருக்க ஒரு நோயாளிக்குப் பலம் வேண்டும். அந்தப் பலத்தைப் பிரார்த்தனை தருமானால், மருத்துவருக்கு அதில் என்ன ஆட்சேபம்?

வீட்டில் என்ன செய்யலாம்?

'என்னங்க, கேஸை மூடினேன்ல?'

'மூடிட்டம்மா.'

'நல்லாப் பாத்தீங்களா?'

'பாத்தேன்மா, நீயே ரெண்டு தடவை பாத்தே.'

இப்படி இருபது முறை பதில் சொல்வது அன்பால்தான். ஆனால் ஒவ்வொரு பதிலும் அந்த வட்டத்தை இன்னொரு சுற்றுச் சுற்றவிடுகிறது. நோயாளிக்காகக் கதவைச் சரிபார்ப்பது, அவர் சொன்னபடி வீட்டார் அனைவரும் வாசலிலேயே குளித்துவிட்டு நுழைவது எல்லாமே நோய்க்குத் தீனி. அதற்காக நாளை காலையே எல்லாவற்றையும் நிறுத்தி, அவரைத் தவிக்கவிடவும் கூடாது. 'இது உன் கேள்வி இல்லைம்மா, நோய் கேட்குற கேள்வி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்போம், நான் கூடவே இருக்கேன்' என்று சொல்லி, மருத்துவர் ஆலோசனையுடன் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாத்திரை தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை, குளியலுக்கு எத்தனை நிமிடம், சரிபார்ப்பது எத்தனை முறை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்தில் 'ஒன்றும் மாறவில்லை' என்று தோன்றும்போது முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மருத்துவருக்கும் அந்த நோட்டு பெரிய உதவி.

எங்கே போவது?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள்; எந்த நாள் என்பதை அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். சிக்கலான நிலையில் பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வாழப் பிடிக்கவில்லை என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், பன்னிரண்டு வாரக் கணக்கெல்லாம் அப்புறம். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.